மறு: "அகிம்சைக் குற்றம்" சரிதானா?

அன்பு நண்பர்களுக்கு,

"நான்வயலன்ட்" (nonviolent) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற நம் குழுவின் கேள்விக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை தாராவி 90 அடி சாலையில், விசாரணைக் கைதிகளின் குடும்பத்தாருக்காக நாங்கள் மொழிபெயர்த்த சட்ட உதவித் துண்டறிக்கையை வாசித்துக் காட்டினேன். "அகிம்சைக் குற்றங்களில் ஜாமீன் கேட்பது எப்படி" என்ற தலைப்பு வந்ததும், இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள் நிறுத்தச் சொன்னார். "ரயிலில் பை திருடினான் என்று என் தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது காந்தி செய்த மாதிரிக் குற்றமா, ஐயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தலைப்பை எழுதியவனே நான்தான்.

> "நான்வயலன்ட்" எங்கே வந்தாலும் "வன்முறையற்ற" என்று போட்டுவிட்டால் தீர்ந்தது.

மாட்டுங்கா அண்ணாச்சி சொல்வது குற்றங்களுக்குப் பொருந்தும். தூங்குகிறவரின் பையைச் சத்தமில்லாமல் எடுத்துப்போனால் திருட்டு. கத்தியைக் காட்டிப் பறித்தால் கொள்ளை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முன்னது 303-ஆம் பிரிவு, பின்னது 309. பை ஒன்றுதான், பிரிவு வேறு. திருடியவனின் மனநிலையைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை. கத்தி வெளியே வந்ததா, வரவில்லையா, அவ்வளவுதான்.

போராட்டம் என்று வரும்போதுதான் இந்தச் சொல் உதைக்கிறது. 1930-இல், மே, ஜூன் மாதங்களில், நமக்குப் பக்கத்திலிருக்கும் வடாலா உப்பளத்துக்குள் மக்கள் அலையலையாகப் புகுந்தார்கள், தடியடி வாங்கினார்கள். அதை "வன்முறையற்ற போராட்டம்" என்றால் நடந்ததையே மறைப்பதாகும். மண்டை உடைந்த இடத்தில் வன்முறை எப்படி இல்லாமல் போகும்? அடித்தவர்களிடம் அது நிறையவே இருந்தது. அடிபட்டவர்கள் கையை ஓங்கவில்லை என்பதுதான் செய்தி. "அற்ற" நிகழ்ச்சியைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது ஆளின் முடிவைச் சொல்லும் சொல்.

"அகிம்சை" அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் "இம்சை" நம் வீடுகளில் கொசுத்தொல்லை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதோடு, அகிம்சை என்றதும் ராட்டையும் கண்ணாடியும் வந்து நின்றுகொள்கின்றன.

இந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ பிரித்துவைத்திருக்கிறது. குறளில் ஊன் உண்ணாமையைப் பேசும் அதிகாரத்தின் பெயர் "புலாலின்மை" அல்ல, "புலால் மறுத்தல்". மாதக் கடைசியில் கறி வாங்கக் காசில்லாதவன் வீட்டிலும் புலால் இல்லைதான். அவன் எதையும் மறுக்கவில்லை. இலையில் பரிமாறிய பிறகு கையை எடுத்துக்கொள்கிறவன்தான் மறுக்கிறான். காந்தியும் 1920-இல் கோழைத்தனமா வன்முறையா என்ற நிலை வந்தால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்று எழுதியவர். அடிக்கத் திராணியில்லாமல் சும்மா இருப்பதை அவர் தன் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: குற்றத்துக்கு "வன்முறை சாரா", போராட்டத்துக்கு "வன்முறை மறுப்பு". ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

சயானிலிருந்து

---

> வன்முறை மறுப்பு

தம்பி, நாளைக்கே செய்தித்தாளில் "வன்முறை: அமைச்சர் மறுப்பு" என்று வரும். இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? "கடவுள் மறுப்பு" என்றால் கடவுளே இல்லை என்பதல்லவா? மதுவிலக்கு மாதிரி "வன்முறை விலக்கு" என்று வைக்கலாமே.

மாட்டுங்கா

---

அண்ணாச்சி, குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் "விலக்கு" என்றதும் எனக்கு வரிவிலக்குதான் நினைவுக்கு வருகிறது. வன்முறை செய்ய யாரோ சலுகை கொடுத்ததுபோல ஒலிக்கிறது. தவிர, மதுவிலக்கு அரசு போடுவது. இது தானாக எடுக்கும் முடிவு. "மறுப்பு" என்று நிறுத்தாமல் "வன்முறை மறுத்த போராட்டம்" என்று பெயரெச்சமாகவே எழுதினால் அமைச்சர் குறுக்கே வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

சொல் தேடி அலைவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1906-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய போராட்டத்துக்கு முதலில் "பாசிவ் ரெசிஸ்டன்ஸ்" என்ற ஆங்கிலப் பெயர்தான் இருந்தது. அது பலவீனர்களின் ஆயுதம் என்று பொருள்படுகிறதே என்று காந்தி தம் இதழில் சிறு பரிசு அறிவித்துச் சொல் கேட்டார். மகன்லால் காந்தி "சதாக்கிரகம்" என்று அனுப்பினார். காந்தி அதைத் திருத்திச் "சத்தியாக்கிரகம்" ஆக்கினார். வந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் திருத்தினார் என்பதைக் கவனியுங்கள். என் சொல்லிலும் தாராளமாகக் கை வைக்கலாம்.

துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். "வன்முறை சாராக் குற்றம்" என்று இலக்கணப்படி ஒற்றுப் போட்டு எழுதியதை நேற்று அந்த இட்லி அம்மாளிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என் தம்பி சாராயமெல்லாம் விற்கவில்லை" என்றார். "சாராத" என்றே போட்டுவிடுகிறேன். ஆட்சேபம் இருந்தால் புதன் இரவுக்குள் எழுதவும்.

சயானிலிருந்து