‘பொம்மரில்லு’: அந்த ஒரு வாரம் யாருக்கு வைத்த தேர்வு?

கிருஷ்ணாக்கரை:
“தெலுங்குக் கல்லூரிக் காதல் படங்களில் பெற்றோரின் பிடியை உடைத்தது 2006இல் வந்த ‘பொம்மரில்லு’தான்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கல்லூரிச் சுற்றுலா என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு நாயகி ஹாசினி ஒரு வாரம் காதலன் சித்துவின் வீட்டில் தங்குகிறாள். எதற்கு? இந்த வீட்டுக்கு ஒத்துவருவாளா என்று அவர்கள் எடைபோடுவதற்கு. இதுவா உடைப்பது?

பழையடிக்கெட்:
எழுதியது நான்தான். முடிவில் சித்துவும் அவள் வீட்டில் ஒரு வாரம் தங்குகிறானே, அது கண்ணில் படவில்லையா?

கிருஷ்ணாக்கரை:
பட்டது. அவள் தங்கிய வாரத்தைக் காட்சி காட்சியாகக் காட்டினார்கள். அவன் முறை வரும்போது படம் முடிந்துவிடுகிறது.

பழையடிக்கெட்:
அப்பாவின் முகத்துக்கு நேரே மகன் வெடிக்கும் காட்சிக்குத் தியேட்டரே அழுதது. போடும் சட்டையைக்கூட அப்பா தேர்ந்தெடுத்த வீடு அது.

கிருஷ்ணாக்கரை:
அது மகனின் வழக்கு. நான் கேட்பது ஹாசினியின் ஒரு வாரத்தை.

வைகைவாசி:
2008இல் தமிழில் ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ என்று வந்தபோது அப்பா பாத்திரம் இன்னும் அழகாக அமைந்தது.

பழையடிக்கெட்:
இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான் அப்பா. தமிழில் வந்தால் உடனே உயர்ந்துவிடுமா?

வைகைவாசி:
மூலத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உங்களுக்கு மட்டும்தான் தெலுங்கு புரியுமா?

கிருஷ்ணாக்கரை:
அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் விஜயவாடாவில் விடுதியில் தங்கிப் படித்தவள். மூன்றாம் ஆண்டில் என் அறைத்தோழியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் விடுதிக்கே வந்தார்கள். ஆய்வகத்திலிருந்து ஓடிவந்தவள், விரலில் மைக்கறையோடு பார்வையாளர் அறை பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசல்வரை நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தாள். மாப்பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. ஹாசினியின் ஒரு வாரம் எனக்கு அந்த நடைதான்.

வைகைவாசி:
அப்படியானால் ‘கலர் போட்டோ’ பாருங்கள். 2020இல் வந்தது. மசூலிப்பட்டினத்துக் கல்லூரிக் காதல்; நாயகியின் அண்ணன் போலீஸ்காரன். அங்கே தேர்வுக்கே இடமில்லை, அடிதான்.

பழையடிக்கெட்:
அதனால்தான் ‘பொம்மரில்லு’ அப்பா மேல் என்கிறேன். கேட்டுத் திருந்துகிறார்.

கிருஷ்ணாக்கரை:
மகன் சொன்னதைக் கேட்டார். ஹாசினியின் ஒரு வாரத்துக்கு யார் பதில் சொன்னார்கள்?

பழையடிக்கெட்:
‘அர்ஜுன் ரெட்டி’ படத்தைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

கிருஷ்ணாக்கரை:
அங்கேயும் நீங்கள் பதில் சொல்லவில்லை. சித்து தங்கிய வாரத்திலிருந்து ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் அவனை யார் எடைபோட்டார்கள்?

பழையடிக்கெட்:
இன்றிரவு மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் நான் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறாது.