பெருவெடிப்பு நடந்தது என்றால் படைத்தவர் இருக்கிறார் என்று ஆகுமா?

அடியேன்:
நேராகவே கேட்கிறேன். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அது சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று விஞ்ஞானமே சொல்கிறது. தொடங்கிய எதுவும் தானாகத் தொடங்காது. அப்படியானால் தொடங்கிவைத்தவர் ஒருவர் வேண்டாமா? மதங்கள் காலங்காலமாகச் சொல்வதும் இதைத்தானே?

குறுக்குக்கேள்வி:
தொடங்கிவைத்தவரைத் தொடங்கிவைத்தது யார்? அவருக்கு மட்டும் ஆதி கிடையாது என்றால், அந்தச் சலுகையைப் பிரபஞ்சத்துக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே. நடுவில் ஒருவர் எதற்கு?

அடியேன்:
இது வரும் என்று தெரியும். பிரபஞ்சம் விரிகிறது, குளிர்கிறது, மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுகிற பொருளுக்குக் காரணம் கேட்கலாம். மாறாத ஒன்றுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. சலுகை ஒன்றும் இல்லை.

இயற்பியல் வாத்தியார்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் வந்தது என்று பெருவெடிப்புக் கொள்கை சொல்லவே இல்லை. மிகச் சூடாக, மிக அடர்த்தியாக இருந்த ஒரு நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்த கதை அது. அந்தக் கதைக்கு ஆதாரம் இருக்கிறது. 1964ல் பென்சியாஸ், வில்சன் என்ற வானொலி வானியலாளர்கள் இருவரும் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே கிடந்த புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள், போகவில்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். அந்த இரைச்சல் வேறொன்றுமில்லை: பிரபஞ்சத்துக்குச் சுமார் 3.8 லட்சம் ஆண்டு வயதானபோது கிளம்பிய ஒளி, 2.7 கெல்வின் (ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்ந்து வந்து சேர்ந்திருந்தது. ஆதியில் உருவான சாதாரணப் பொருளின் நிறையில் ஏறக்குறைய கால் பங்கு ஹீலியம் என்பதும் இதே கணக்கில் வருகிறது.

ஆனால் இன்னும் பின்னால் போகப் போக, ஓர் இடத்தில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல் கைவிரித்துவிடுகிறது. விடை ‘முடிவிலி’ என்று வந்தால் கணக்கு அங்கே உடைந்துவிட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்த இடத்தில் கடவுளை வைத்தாலும் சரி, ‘காரணமே இல்லை’ என்று எழுதினாலும் சரி, இயற்பியல் ஜாமீன் நிற்காது.

திண்ணைப்பேச்சு:
திருவாசகத்தில் மணிவாசகர் அண்டங்களைப் பற்றி ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்கிறார். விரிந்தன! பிரபஞ்சம் விரிகிறது என்று வானியலாளர் ஹப்பிள் 1929ல் சொன்னதை இவர் எப்போதோ பாடிவிட்டாரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

குறுக்குக்கேள்வி:
அந்த வரி எனக்கும் பிடிக்கும் ஐயா. ஆனால் அங்கே ‘விரிந்தன’ என்றால் கணக்கில்லாமல் பரந்து கிடக்கின்றன என்று பொருள். ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன என்று எங்கே இருக்கிறது? 1948ல் ஹாயில், பாண்டி, கோல்டு என்ற விஞ்ஞானிகள் மூவரும் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்றார்கள். அது ஜெயித்திருந்தால், ‘அநாதி என்று நம் சித்தாந்தம் அன்றே சொன்னது’ என்று எழுதியிருப்பீர்கள். எந்த விடை வந்தாலும் பொருந்துகிற வரியை முன்கணிப்பு என்று எப்படிச் சொல்வது?

நீள்வானம்:
மதங்கள் எல்லாம் ஒரே விடை சொல்வதாக வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். சைவ சித்தாந்தத்தில் இல்லாதது தோன்றாது. குயவன் களிமண்ணில் குடம் செய்வதுபோல இறைவன் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து உலகை ஆக்குகிறான், அந்த மாயைக்குத் தொடக்கமே கிடையாது. கிறித்தவ, இஸ்லாமிய இறையியலில் பெரும்பாலோர் இன்மையிலிருந்து படைப்பு என்பார்கள். சமணத்தில் படைத்தவரே இல்லை. உலகம் நிலையானதா இல்லையா என்று கேட்டபோது புத்தர் விடை சொல்லவே மறுத்தார். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு பாடல், இது எங்கிருந்து வந்தது என்பதை மேலிருந்து பார்ப்பவன் அறிவான், ஒருவேளை அவனும் அறியானோ என்று முடிகிறது. அடியேன் சார், இவற்றில் எதற்கு உங்கள் 1380 கோடி சாட்சி?

இயற்பியல் வாத்தியார்:
இந்தக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927லேயே எழுதியவர், ஆதி அணு என்ற கருத்தை 1931ல் வைத்தவர். 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ் புதிய வானியலைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்றே சொல்லிவந்தார்.

அடியேன்:
சரி, சாட்சிக்கூண்டில் ஏற்றியது என் தப்பு. ஆனால் இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்றவர். தொடக்கமே இல்லாத உலகமும் இறைவனைச் சார்ந்துதான் நிற்கும் என்பது அவர் கட்சி. நானும் அங்கேதான் நிற்கிறேன். எதுவுமே இல்லாமல் போகாமல் ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது?

குறுக்குக்கேள்வி:
அது வேறு கேள்வி. முதல் பதிவில் கேட்டது இதுவல்லவே.

அடியேன்:
ஆமாம். அந்த எண்ணை அங்கிருந்து எடுத்துவிடுகிறேன். கேள்வி இருக்கட்டும்.

திண்ணைப்பேச்சு:
‘விரிந்தன’வை நான் இன்னும் விடவில்லை. உரையைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை யாரும் இந்த விவாத இழையைப் பூட்டிவிடாதீர்கள்.