வரிசை வீடுகளின் கூரையை மாற்றுமுன்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் நம் ஹட்டியின் (படகர் ஊரின்) மேல் வரிசையில் ஒரு வீட்டின் ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போடப்போவதாகத் தெரிந்ததிலிருந்து, அவரவர் வீட்டில் நம் ஊர்ச் சங்கம் தலையிடலாமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. நான் வாழும் அமெரிக்காவிலும் இக்கேள்வி பழையதுதான். அங்கே 1931-இல் சார்ல்ஸ்டன் நகரம் தன் பழைய தெருக்களைப் பாதுகாப்பு வட்டாரமாக்கிச் சட்டம் இயற்றியது. அவ்வழியில் வந்த ஊர்களில், வட்டாரத்துக்குள் இருக்கும் வீட்டின் வெளிப்புறத்தை மாற்றவோ இடிக்கவோ நினைப்பவர், வேலை தொடங்குமுன் உள்ளூர்க் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். தெருவிலிருந்து தெரியும் கூரை, சன்னல், முகப்பு ஆகியவற்றையே குழு பெரும்பாலும் பார்க்கும். அடுக்களையை எப்படி மாற்றுவது என்பது வீட்டுக்காரர் விருப்பம். வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றதனால் மட்டும் தனியார் கட்டடத்துக்குக் காவல் கிடைத்துவிடாது. இடிப்பதைத் தடுக்கும் வலு உள்ளூர்ச் சட்டத்துக்கே உண்டு.

நம் மலைக்கு 1990-இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. ஆயினும் ஒரு ஹட்டியின் வரிசை குலையாமல் பார்த்துக்கொள்ள ஊர்தான் முன்வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனெனில் நம் வீடுகளுக்கு நடுச்சுவர் பொதுவானது. ஒரு வீடு தளமாகும்போது அதன் பாரம் அந்தச் சுவரில் இறங்குகிறது. ஓட்டுச் சரிவு அறுபட்ட இடத்தில் மழைநீர் பக்கத்து வீட்டுக்குள் கசிகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. கீழ் வரிசைக் கடைசி வீட்டில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, விரலால் தொட்டாலே செங்கல் மாவாக உதிர்வதை ஊருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேலும் சிமெண்டையே பூசியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

ஆகவே கூரையையும் முகப்பையும் மாற்ற விரும்புவோர் முதலில் ஊர்க்கூட்டத்தில் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்கலாம். பின்புறம் குளியலறையோ அறையோ கட்டிக்கொள்ளத் தடை வேண்டாம்; பிள்ளைகள் பெருகும் வீட்டுக்கு இடம் வேண்டுமே. பணமுடையைக் காட்டி விலக்குக் கேட்க அமெரிக்க ஊர்களில் வழி உண்டு. நாமோ ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் ஆகும் கூடுதல் செலவைச் சங்க நிதியிலிருந்தே தரலாம். என் பங்கை இம்மாதமே அனுப்புகிறேன். அடுத்த கூட்டம் வரை கூரையைப் பிரிக்காமல் பொறுத்திருக்கும்படி அவ்வீட்டுப் பெரியவரை ஊரிலுள்ளவர்கள் நேரில் கண்டு கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.