நம்ம வீடு குழு: கருந்துளையில கரண்ட் எடுக்க முடியுமா?

உமா, இரவு 8:41
சித்தி, நான் கவின். அம்மா போன்ல இருந்து அனுப்பறேன். கருந்துளைல இருந்து கரண்ட் எடுக்கலாம்னு ஒரு வீடியோல சொன்னாங்க. உள்ள போனா வெளிச்சம்கூட திரும்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

மாலதி, 8:44
ரெண்டுமே சரிதான்டா தங்கம். உள்ள போனது வராது. ஆனா கரண்ட் எடுக்கறது உள்ள இருந்து இல்ல, வாசலுக்கு வெளிய இருந்து.

மாலதி, 8:49
கருந்துளை சுத்தும். நட்சத்திரம் சுருங்கச் சுருங்க அதோட சுழற்சியும் வேகமாயிடும் இல்லையா, அந்தச் சுத்து. அது பக்கத்துல இருக்கற வெளியையே தன்னோட இழுத்துக்கிட்டுப் போகும். ஆத்துச் சுழல் மாதிரி நினைச்சுக்கோ. தள்ளி இருந்தா எதிர்த்து நீந்தலாம். கிட்டப் போனா ஒரு வளையம் வரும். அங்க எவ்வளவு கை கால் அடிச்சாலும் ஒரே இடத்துல நிக்க முடியாது, சுத்தியே ஆகணும். ஆனா தப்பிச்சு வெளிய வர வழி உண்டு. அதுக்கும் உள்ளதான் திரும்ப முடியாத எல்லை. அந்த வளையத்துக்குப் பேரு எர்கோஸ்பியர்.

உமா, 8:50
அங்க போய் என்ன பண்ணணும்? (கவின்)

மாலதி, 8:56
1969ல ரோஜர் பென்ரோஸ்னு ஒரு இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். ஒரு பொருளை அந்த வளையத்துக்குள்ள விட்டு, அங்க ரெண்டா உடைக்கணும். ஒரு துண்டு சுழற்சிக்கு எதிர்ப்பக்கமா போய் எல்லைக்குள்ள விழணும். அந்த வளையத்துல மட்டும் ஒரு பொருளோட ஆற்றல் பூஜ்யத்துக்கும் கீழ போகலாம். விழற துண்டு ஒரு கடனைக் கொண்டுபோய் கருந்துளை கணக்குல எழுதிடுதுன்னு வச்சுக்கோ. மிச்சத் துண்டு, நீ போட்ட முழுப் பொருள்ல இருந்ததைவிட அதிக ஆற்றலோட வெளிய வரும். அந்த அளவுக்குக் கருந்துளையோட சுத்து குறையும்.

அப்பா, 9:02
எவ்வளவு தேறும்மா? அனல் மின் நிலையத்துல 30 வருஷம் இருந்தேன். கரியோட சூட்டுல மூணுல ஒரு பங்கு கரண்ட்டா வந்தாலே எங்களுக்கு நல்ல நாள்.

மாலதி, 9:07
அப்பா, சூரியன்ல ஹைட்ரஜன் ஹீலியமா மாறும்போது எடையில 0.7 சதவீதம்தான் ஆற்றலாகுது. உச்ச வேகத்துல சுத்தற கருந்துளைன்னா அதோட எடையில 29 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். சூரியனைப் போல 10 மடங்கு எடையுள்ள ஒண்ணுல அப்படி முழுசா எடுத்தா, நம்ம சூரியன் மாதிரி நாலாயிரம் சூரியன் ஆயுசு முழுக்க எரிஞ்சு தர்றது அதுல இருக்கு. எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்குது.

உமா, 9:09
நான் உமாதான். சின்னதா ஒரு கருந்துளையை நாமளே செஞ்சுக்க முடியாதா?

மாலதி, 9:12
ஒளியை ஒரே புள்ளில குவிச்சு செய்யலாம்னு ரொம்ப நாளா ஒரு யோசனை இருந்துச்சுக்கா. 2024ல வந்த கணக்குப்படி அது நடக்காது. அவ்வளவு ஒளி சேர்றதுக்கு முன்னாடியே எலக்ட்ரான், அதோட எதிர்த்துகளான பாசிட்ரான்னு ஜோடி ஜோடியா மாறி சிதறிடும். இருக்கற கருந்துளைகிட்டதான் போகணும். இதுவரைக்கும் தெரிஞ்சதுல கிட்ட இருக்கறது கயா பிஎச்1, கிட்டத்தட்ட 1,560 ஒளியாண்டு தூரம்.

மாலதி, 9:18
பொருளை உடைக்காம அலையை வச்சும் எடுக்கலாம். சுத்தற கருந்துளைமேல ஒரு அலையை சரியா அனுப்பினா கொஞ்சம் பலமா திரும்பி வரும். சுத்தி முழுக்க கண்ணாடி வச்சா மறுபடி போகும், இன்னும் பலமா வரும். பிரஸ், டியூகோல்ஸ்கின்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 1972ல எழுதினது. கண்ணாடில வழி விட்டு அளவா எடுத்தா மின் நிலையம். மூடியே வச்சா அழுத்தம் ஏறி ஏறி கண்ணாடி சிதறிடும். அதை கருந்துளை வெடிகுண்டுன்னே சொல்றாங்க.

அப்பா, 9:21
இது பாய்லர்மா! அச்சு அசல் பாய்லர்.

அப்பா, 9:24
ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல சேஃப்டி வால்வ் தூக்கிடுச்சு. நீராவி சீறின சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் கத்தினது கேக்கல, வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. அன்னைக்கு அது திறக்கலேன்னா இன்னைக்கு இதை டைப் பண்ண நான் இல்ல. நீ சொல்ற கண்ணாடியை யார் கட்டினாலும் முதல்ல வால்வை வரையச் சொல்லு.

மாலதி, 9:31
அப்பா 🙏 இதுல பாதியை ஆய்வகத்துலயே பாத்துட்டாங்க. கருந்துளைதான்னு இல்ல, அலையை உறிஞ்சற எந்தப் பொருளும் போதுமான வேகத்துல சுத்தினா அலையைப் பெருக்கும்னு செல்டோவிச்னு ஒரு இயற்பியலாளர் 1971ல சொன்னார். 2020ல கிளாஸ்கோல வளையமா ஸ்பீக்கர் வச்சு, சத்தத்தைத் திருகாணி மாதிரி சுழன்று போற அலையா திருகி, சுத்தற பஞ்சுத் தட்டுமேல விட்டாங்க. மைக்கைத் தட்டோடவே சுத்த விட்டாங்க. வேகம் ஏற ஏற சுருதி இறங்கிக்கிட்டே வந்து காதுக்கே எட்டாமப் போச்சு. இன்னும் சுத்தினா மறுபடி ஏறுச்சு, முன்ன இருந்ததைவிட 30 சதவீதம் வரைக்கும் பலமா. சத்தத்தை உறிஞ்சத்தான் பஞ்சு. அதுவே கொடுத்துச்சு.

உமா, 9:33
சித்தி கவின். டேபிள் ஃபேன்ல பஞ்சு ஒட்டினா கேக்குமா?

மாலதி, 9:36
பத்தாதுடா. திருகின அலை சுத்தற வேகத்தைவிட தட்டு வேகமா சுத்தணும். நாலஞ்சு ஸ்பீக்கரும் நல்ல மோட்டாரும் வேணும்.

அப்பா, 9:38
மோட்டார் என் பொறுப்பு. கவின், ஞாயித்துக்கிழமை வா. முதல்ல அதுக்கு ஒரு இரும்புக் கூண்டு செய்வோம், அப்புறம்தான் ஸ்விட்ச்.