கிருஷ்ணகிரி பக்கம் அரை நாளில் மலையும் பழைய வரலாறும் பார்க்க எங்கே போகலாம்?

அணைக்கரைவாசி:
ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பத்தோடு சென்னையிலிருந்து வருகிறாள். மாப்பிள்ளைக்குப் பழங்காலச் சமாச்சாரம் என்றால் உயிர். கே.ஆர்.பி. அணை ஏற்கெனவே பார்த்தாயிற்று. காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அப்பாவும் வருகிறார், 71 வயது, முழங்கால் வலி உண்டு.

பர்கூர்க்காரன்:
யோசிக்காமல் மயிலாடும்பாறைக்குப் போங்கள், தொல்லியல் துறை அகழாய்வு செய்த மலை. பர்கூர் வந்து தொகரப்பள்ளிக்கு வழி கேட்டால் போதும். இங்கே இரும்போடு கிடைத்த கரியை ஆய்வு செய்ததில்தான் கி.மு. 2172 என்று காலம் வந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே முதல்வர் அறிவித்தார். 2025-ல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்பு இதைவிடப் பழையது என்று அறிவித்து முந்திவிட்டார்கள், சரி. ஆனாலும் அந்தக் கரி எடுத்த ஆழம் 130 சென்டிமீட்டர்தான். என் மார்பளவு. அதற்குள் நாலாயிரம் வருஷம் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

போனதும் பெரிதாக எதுவும் தெரியாது, முன்பே சொல்லிவிடுகிறேன். பாறையும் புதரும்தான். முதல் தடவை நான் ஒரு கல்வட்டத்தின் நடுவிலேயே போய் நின்றுவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அது பாண்டவர் குழி சாமி, மேலே நிக்காதே" என்றார். அப்புறம் குனிந்து பார்த்தேன். முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கற்கள், ஒன்றை ஒன்று தொட்டாற்போல வளைந்து போகின்றன. நடுவில் சரளை மேடு. செத்தவர்களைப் புதைத்துவிட்டு யாரோ ஒவ்வொரு கல்லாக உருட்டி வந்து வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் செருப்போடு அந்த வட்டத்துக்குள் கால் வைப்பதில்லை.

ஆறரைக்கெல்லாம் அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள்.

அணைக்கரைவாசி:
ரொம்ப நன்றி அண்ணா. அப்பா எப்படி?

பர்கூர்க்காரன்:
அப்பாவை மேலே ஏற்ற வேண்டாம். கீழே மர நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், அங்கிருந்தே மலை நன்றாகத் தெரியும். பிள்ளைகளிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: ஒரு பானை ஓடு, ஒரு கல் கூட எடுத்துவரக் கூடாது. கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்குக் காலம் சொல்ல முடியும்.

தென்பெண்ணை:
பெரியவருக்காக யோசித்தால் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பெண்ணேஸ்வரமடம் நல்லது. ஆற்றங்கரைச் சிவன் கோவில், சோழர் காலக் கல்வெட்டுகள், நடுகற்கள் உண்டு. ஏற வேண்டிய மலை இல்லை. மாப்பிள்ளை கல்வெட்டு படித்துக்கொண்டிருக்கும்போது அப்பா சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம்.

அணைக்கரைவாசி:
அப்படியானால் ஞாயிறு விடியற்காலை நானும் மாப்பிள்ளையும் மயிலாடும்பாறை. திரும்பி வந்து அப்பாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு பெண்ணேஸ்வரமடம். மதியத்துக்குக் களியும் கீரைக் கடைசலும் அம்மா செய்துவைப்பதாகச் சொல்லிவிட்டார்.