சுவர்ப்பை பாக்கெட் வாய் பிளக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: தையல் சாமான் வைக்க, 24க்கு 30 அங்குலத்தில் காடாத் துணியில் சுவர்ப்பை தைத்தேன். கத்தரிக்கோல் போட்டதும் பாக்கெட் முன்னால் சாய்கிறது. நூல்கண்டோ உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது.

பதில் 1: இரண்டும் வேறு வேறு கோளாறுங்க. பாக்கெட் பட்டியைப் பின்னால் இருக்கும் அடித்துணியின் அகலத்துக்கே வெட்டியிருக்கிறீர்கள், அதனால்தான் நூல்கண்டுக்கு இடமில்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு, இரு ஓரத்திலும் அரை அங்குல மடிப்பு வையுங்கள். மடிப்பை அடியில் மட்டும் தைத்தால் போதும். வாய்ப்பக்கம் தைத்துவிட்டால் மறுபடி இறுகிவிடும்.

பதில் 2: சாய்வது துணி மெலிசு என்பதால். அடித்துணிக்குப் பழைய ஜீன்ஸ் போடுங்கள். பாக்கெட் வாய் மடிப்புக்குள் காலர் கேன்வாஸ் (சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் துணி) வைத்து இஸ்திரி போட்டு ஒட்டி, இரட்டைத் தையல் ஓட்டுங்கள். ஜீன்ஸ் அடுக்குக்கு 16ஆம் நம்பர் ஊசி. 11இல் ஓட்டினால் தையல் விட்டுப்போகும், ஊசியும் ஒடியும்.

பதில் 3: மேல் ஓரத்தைக் குழல்போல மடித்துத் தைத்து ஒரு கம்பு செருகுங்கள், நடுவில் தொய்யாது. காடாவை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்க மறக்காதீர்கள், சுருங்கும்.