ஒட்டு ரோஜா ‘காடாகி’விட்டதா? பிடுங்குவதற்கு முன் இலைக்காம்பைப் பாருங்கள்

கத்திரி வெயில் முடிந்ததும் காரைக்குடியில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். வாங்கும்போது கையகலத்துக்குச் சிவப்பாகப் பூத்த செடி இப்போது நீள நீளமாகக் கொம்பு விடுகிறது, பூவே இல்லை, நல்ல ரோஜா காட்டு ரோஜாவாக மாறிவிட்டது என்பார்கள். மாறவெல்லாம் இல்லை. மேலே ஒட்டிய ரகம் வெயிலில் செத்துப்போனது, அடியில் இருந்த வேர்ச்செடி பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் யார் வீட்டில் இப்படி ஆனாலும் என்னைக் கூப்பிடுவார்கள், நான் முதலில் பார்ப்பது இலைக்காம்பின் அடியைத்தான். காம்பு தண்டோடு சேர்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பச்சையாக ஒரு செதில் ஒட்டியிருக்கும். அதன் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து கிழிந்து இருந்தால் அது மல்டிஃப்ளோரா, ஜப்பான், சீனா, கொரியா பக்கத்துக் காட்டு இனம். நம் பக்கம் வருகிற ஒட்டுச் செடிகளில் இதன் முள்ளில்லாத வகையை அடிச்செடியாக நிறையவே பார்த்திருக்கிறேன். சிற்றிலையை எண்ணியும் பார்க்கலாம், இதில் 7 அல்லது 9 இருக்கும், கடை ரோஜாவில் பெரும்பாலும் 5. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நல்ல ரகத்திலும் கொழுத்த கொம்பில் 7 வரும், செதிலைத்தான் நான் நம்புவேன்.

ஒட்டு இன்னும் உயிரோடு இருந்தால், ஒட்டிய இடத்து முடிச்சுக்குக் கீழே கிளம்பும் போத்தைக் கத்தரியால் வெட்டாதீர்கள், அங்கிருந்தே மறுபடி இரண்டாகக் கிளம்பும். மண்ணை விலக்கி அடியோடு பிய்த்து எடுங்கள். ஒட்டு செத்திருந்தால் பிடுங்கிப் போட வேண்டாம், மார்கழி, தையில் அதே வேர்ச்செடியில் வேறு ரகத்தின் கண்ணை, அதாவது தளிர் கிளம்பும் முளையை, வைத்துக் கட்டலாம். உங்களுக்கு வேறு எதுவும் மாட்டியிருந்தால் சொல்லுங்கள்.

—

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அப்பத்தா காலத்துப் பன்னீர் ரோஜா இருக்கிறது, யாரும் உரம் வைத்ததாக ஞாபகம் இல்லை. அத்தர் எடுக்கிற டமாஸ்க் ரோஜா என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் கன்னோஜ், புஷ்கர் பக்கம் அத்தருக்கு வளர்க்கிற டமாஸ்க் வசந்தத்தில் சில வாரம் கொட்டிப் பூத்துவிட்டு அடங்கிவிடும், நம் செடி ஆடியிலும் பூக்கிறது, ஐப்பசி மழையிலும் பூக்கிறது. அப்படியென்றால் இது எட்வர்ட் ரோஜா. ரீயூனியன் தீவுக்குப் போர்பன் என்று பேர் இருந்த காலத்தில் அங்கே வேலியில் இருந்த டமாஸ்க்கும் சீன ரோஜாவும் கலந்து வந்த வகை என்று சொல்வார்கள். வாசனை டமாஸ்க் கொடுத்தது, ஓயாமல் பூக்கிற குணம் சீன ரோஜா கொடுத்தது. பதியம் போட்டால் லேசில் பிடிக்கும், சொந்த வேர் என்பதால் காடாகிற பேச்சே இல்லை.

—

கானாடுகாத்தானிலிருந்து:
உறவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஒரு செடி, மொட்டு விரிந்தாலும் பச்சையாகவே இருக்கும், நோய் என்று வேலையாள் பிடுங்கப் போய்விட்டார். நல்லவேளை நான் அங்கே இருந்தேன். அது பச்சை ரோஜா, சீன ரோஜாவில் தானாக வந்த மாற்றம், இதழ் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் புல்லி இதழ்கள். முகர்ந்தால் லேசாக மிளகுக் காரம். அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வெயிலில் வாடாமல் நிற்கிறதே, அதற்காகவே ஒரு குச்சி வாங்கி வந்துவிட்டேன்.

—

பள்ளத்தூரிலிருந்து:
கொடைக்கானலில் சோலைக்காட்டு ஓரம் மரத்தில் ஏறிக் கிடந்த வெள்ளை ரோஜாவைப் பார்த்தேன், ஐந்தே இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். அதன் பேர் லெஷனோல்டியானா. பழனி மலை, நீலகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களுக்கே உரிய இனம். பூவின் நடுவில் சூல்தண்டுகள் ஒன்றாக ஒட்டி ஒரே தூணாக நீட்டிக்கொண்டிருக்கும், மல்டிஃப்ளோராவிலும் அப்படித்தான், இரண்டும் ஒரே கூட்டம். கூட வந்தவர் ஒரு கொம்பு ஒடித்துக்கொள் என்றார். நான் தொடவில்லை. காட்டில் இருப்பதை ஒடிப்பது ஒரு பக்கம், அந்தக் குளிரில் வளர்ந்தது இங்கே செம்மண்ணில் சித்திரையைத் தாண்டுமா?

—

காரைக்குடி, மறுபடி நான்:
நல்ல வேலை செய்தீர்கள். காட்டினத்தின் ரத்தம் வேண்டும் என்றால் கலப்புச் செடியாகத் தேடுவதுதான் வழி. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி நம் நாட்டுக் காட்டு இனங்களை வைத்தே வெப்ப நாட்டுக்கான ரோஜாக்களை உருவாக்கினார்கள், மணிப்பூர் பக்கத்து ஜைஜான்டியா ஒன்று, கிளினோஃபில்லா இன்னொன்று. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலேயே ஒரு ரோஜா வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆசை கிளினோஃபில்லா மேல்தான். ஆற்றங்கரை, சதுப்பு என்று தண்ணீர் நிற்கிற இடத்தில் வளர்வது, சமவெளி வெப்பமும் தாங்கும், நம் ஊருணிக் கரைக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு ரோஜா தெரியவில்லை. அதன் கலப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு எட்வர்ட் பதியம் தருகிறேன். தேவகோட்டைத் தம்பி, ஆடி முடிவதற்குள் எனக்கும் ஒரு கிளையை மண்ணில் அழுத்தி வையுங்கள்.